கடற்காற்றும் கைக்கடக்கமான கணினியும்

திருகோணமலையில் உட்துறைமுகத்தை நோக்கிய வீடுகளிலும், டச்சுக் குடாவை அடுத்த தெருக்களிலும், உப்புவெளி, நிலாவெளி ஆகிய கரையோரக் கிராமங்களிலும் சில வருஷங்கள் குடியிருந்த எந்த உலோகச் சாமானும் தன் வயதை மறைத்துக்கொள்ள முடிவதில்லை. கதவுக் கீல் சிவந்து இறுகுகிறது. யன்னல் கம்பி செதில் செதிலாக உரிகிறது. சைக்கிள் சங்கிலி எண்ணெய்க்காக ஏங்குகிறது. இரண்டாம் உலக மகாயுத்தத்துக்கு முந்திய ஆண்டுகளில் பிரித்தானியர் தங்கள் கடற்படைக்காகச் சீனக்குடாப் பகுதியில் எழுப்பிய பிரமாண்டமான எண்ணெய்த் தாங்கிகளில் இன்று எஞ்சியிருப்பவை 99. அவற்றுள் நெடுங்காலம் உபயோகமின்றிக் காட்டுக்குள் கிடந்தவற்றின் மேனியைக் கண்டவர்களுக்கு, தடித்த உருக்குத் தகட்டையே அரித்துவிடும் ஒரு காற்று, மயிரிழை போன்ற செப்புத் தடங்களால் ஆன கணினியை என்ன பாடுபடுத்தும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆகையால் இந்தப் பிரதேசத்தில் கணினி வாங்கப் புறப்படும் ஒருவர், விளம்பரத் துண்டில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் வேகக் கணக்கைக் கடைசியாகப் பார்த்தால் போதும் என்பது என் திடமான அபிப்பிராயம். அந்த யந்திரம் எவ்வளவு மின்சாரம் கொள்கிறது, அந்த மின்சாரம் உஷ்ணமாக மாறி எந்த வழியால் வெளியேறுகிறது, உப்பும் தூசியும் உள்ளே படிந்தால் அதைத் திறந்து துடைத்து மறுபடி மூட நம் ஊர்ப் பழுதுபார்க்கும் பிள்ளைகளால் முடியுமா என்பவையே முதலில் விசாரிக்க வேண்டிய விஷயங்கள். இவற்றை விசாரித்துக்கொண்டு போகிறவருக்கு, மேசையின் காலடியை நிரப்பிக்கொண்டு நிற்கும் பழைய கோபுரப் பெட்டியைக் காட்டிலும், ஒரு பாடப்புத்தகத்தின் பரப்புக்குள் அடங்கிவிடும் சிறு மேசைக் கணினியே, அதாவது கடையில் 'மினி பீ.சீ.' என்று கேட்டு வாங்கப்படும் அந்தப் பெட்டியே, பெரும்பாலும் பொருத்தமாக அமைகிறது. சிறிதாக இருக்க வேண்டும் என்பதற்காக அதை வகுத்தவர்கள் ஏற்றுக்கொண்ட நிர்ப்பந்தங்கள் யாவும், அவர்கள் நினைத்தும் பார்த்திராத நமது துறைமுகப் பட்டினத்தின் தேவைகளோடு இசைந்துபோகின்றன.

இவ்வகை யந்திரம் நேற்று முளைத்ததன்று. அப்பிள் நிறுவனம் ஆறரை அங்குலச் சதுரமும் இரண்டு அங்குல உயரமுமான 'மக் மினி'யை 499 டொலர் விலையில் அறிமுகம் செய்தது 2005 ஜனவரியில். 2012ஆம் ஆண்டையொட்டி லெனோவோ நிறுவனம் காரியாலயங்களுக்கென்று ஏறத்தாழ ஒரு லீற்றர் கனவளவு கொண்ட 'டைனி' வகையை வெளியிட, டெல், எச்.பீ. ஆகியனவும் அதே அளவில் தத்தம் பெட்டிகளைச் செய்யத் தொடங்கின. இன்டெல் நிறுவனம் உள்ளங்கையளவான 'நக்' என்ற வகையைப் பத்தாண்டு காலம் விற்றுவிட்டு, 2023இல் அத்தொழிலைக் கைவிட்டு, அதைச் செய்து விற்க அசூஸ் நிறுவனத்துக்கு அனுமதியளித்தது. பெட்டி சிறுத்ததற்குக் காரணங்கள் வெளிப்படையானவை. சுழலும் தட்டுக்குப் பதிலாக விரல் நீளமான எஸ்.எஸ்.டி. நினைவகம் வந்தது; மின்சாரத்தைத் தாழ்ந்த அழுத்தத்துக்கு மாற்றும் பகுதி பெட்டியை விட்டு வெளியேறி, மடிக்கணினிக்கு உள்ளதுபோன்ற ஓர் அடாப்டராயிற்று; முன்னர் 65 வாற் கொண்ட, 'புரொசசர்' எனப்படும் மூளை, 35 வாற்றிலும், பின்னர் அதனிலும் குறைந்த அளவிலும் அதே வேலையைச் செய்யப் பழகிக்கொண்டது. இந்தக் கடைசிக் காரணந்தான் நமக்குப் பெரிது.

2022ஆம் ஆண்டின் முற்பகுதியை இலங்கையர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மார்ச் மாத முடிவில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளும், கொமினிகேஷன் கடைக்காரரும், இரவு பகலாகக் கணக்கு முடிக்க வேண்டியிருந்த வியாபாரிகளும் அந்த நாட்களில் பட்ட சிரமம் கொஞ்சமன்று. அக்காலம் கழிந்துவிட்டது என்று நிம்மதியடைந்திருந்த வேளையில், 2025 பெப்ரவரி 9ஆந் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததன் விளைவென்று அமைச்சர் கூறிய ஒரு கோளாறினால் நாடு முழுவதும் இருண்டது. மின்சாரம் எந்த வேளையிலும் போகக்கூடும் என்ற நினைவு நம் வாழ்க்கையில் ஒன்றிவிட்ட பிறகு, கணினியைத் தெரிந்தெடுப்பதில் அந்த நினைவுக்கு இடங்கொடாதிருப்பது சரியன்று.

கணக்கைச் சற்று விஸ்தாரமாகப் பார்ப்போம். சாதாரணமாகக் கடைகளில் கிடைக்கும் 650 வீ.ஏ. அளவான யூ.பி.எஸ். ஒன்றுக்குள் 12 வோல்ற், 7 அம்பியர்-மணி கொண்ட ஈய பற்றரி ஒன்று இருக்கிறது. பெருக்கிப் பார்த்தால் 84 வாற்-மணி. மாற்றுவதில் இழக்கப்படுவதையும், பற்றரியை அடிமட்டம் வரை வற்ற விடக்கூடாது என்பதையும் கழித்தால், கையில் நிற்பது அதன் அரைவாசியளவே. கோபுரக் கணினியும் திரையும் சேர்ந்து நூற்றுக்கு மேற்பட்ட வாற் கொள்ளும்போது, இந்த இருப்பு இருபது இருபத்தைந்து நிமிஷத்தில் தீர்ந்து, கோப்பைச் சேமித்து மூடுவதற்கு மட்டுமே அவகாசம் தருகிறது. சிறு கணினியோ எழுத்து வேலையிலும் இணையப் பார்வையிலும் 15 வாற் அளவில் நின்றுவிட, சிறிய திரையொன்று மேலும் 20 வாற் கொள்ள, அதே பற்றரி ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத் தாக்குப்பிடிக்கிறது. ஒரு மணி நேரம் என்பது இணையவழி வகுப்பொன்றை முடிப்பதற்கும், விண்ணப்பப் படிவம் நிரப்ப வந்து காத்திருக்கும் நாலு பேரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பாமலிருப்பதற்கும் போதுமானது.

மாதாந்த மின்கட்டணத்திலும் இதே அனுகூலம் தெரிகிறது. நாளுக்கு எட்டு மணி நேரம் உழைக்கும் ஒரு பெட்டி 80 வாற் கொண்டால் மாதத்துக்கு 19 அலகு. 15 வாற் கொண்டால் நாலு அலகுக்கும் குறைவு. வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறும் நம் நாட்டில், இந்தப் பதினைந்து அலகு வித்தியாசம் ஒரு குடும்பத்தை மேற்படிக்குத் தள்ளவோ கீழ்ப்படியில் நிறுத்தவோ வல்லது.

சூரிய ஒளியால் மின்னேற்றிய 12 வோல்ற் பற்றரி உள்ள மீன்வாடிகளிலும் தோட்ட வீடுகளிலும், 12 வோல்ற் அடாப்டரில் இயங்கும் சிறு கணினியைப் பற்றரியோடு நேரே இணைத்துவிடலாமே என்ற ஆசை பலருக்கும் எழுகிறது. அவ்வாறு செய்யலாகாது. மின்னேறும்போது அந்தப் பற்றரியின் அழுத்தம் 14 வோல்ற்றுக்கு மேல் ஏறுகிறது, வற்றும்போது 11க்கும் கீழே இறங்குகிறது. நிலையான 12 வோல்ற்றை வழங்கும் ஒரு சிறு மாற்றியை இடையில் வைத்தாலன்றிக் கணினியின் ஆயுளுக்கு உத்தரவாதமில்லை.

உப்பின் விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் நம்மிடையே தவறான அபிப்பிராயம் அதிகம். கடற்காற்றிலுள்ள உப்புத் துணிக்கை உலர்ந்திருக்கும் மட்டும் பெரிய தீங்கு செய்வதில்லை. காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75 என்ற எல்லையைத் தாண்டியவுடன் அந்தத் துணிக்கை காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைந்து, மின்சாரம் கடத்தும் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலமாக மாறுகிறது. அதன்பின் செம்பு பச்சை பூத்து, இணைப்பு முனைகள் கறுத்து, அடுத்தடுத்த தடங்களுக்கிடையே மின்சாரம் கசியத் தொடங்குகிறது. ஐப்பசி தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவமழை பொழியும் நம் மாவட்டத்தில், அம்மாதங்களின் இரவுகள் அந்த எல்லையைச் சர்வசாதாரணமாகத் தாண்டுகின்றன. ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் உட்புறம் அறையைவிடப் பல பாகை சூடாக இருப்பதால் அங்கே ஈரம் தங்குவதில்லை. நிறுத்திக் குளிர்ந்து, அதுவும் காற்றுப் புகாத உறையால் மூடி வைத்திருக்கும் கணினியில்தான் அது நிம்மதியாகக் குடியிருக்கிறது.

நகரத்துப் பழுதுபார்க்கும் கடையொன்றில் இதை நான் கண்ணாரக் கண்டேன். மேசைமேல் திறந்து கிடந்தது ஒரு லீற்றர் வகைப் பெட்டியொன்று. அதன் காற்றாடி இறக்கைகளில் சாம்பல் நிறத் தூசி பிசின்போல் ஒட்டியிருந்தது, ரேம் பலகையின் தங்க முனைகளில் இரண்டு மூன்று மங்கிக் கறுத்திருந்தன, யூ.எஸ்.பி. துவாரங்களின் உலோக விளிம்பில் துரு ஒரு செந்நிறக் கோடாக ஓடியது. கடைக்காரத் தம்பி பள்ளிக்கூட அழிறப்பரால் அந்தத் தங்க முனைகளை மெல்லத் தேய்த்து, மதுசாரம் தோய்த்த பஞ்சினால் துடைத்து, காய்ந்த பிறகு பொருத்தி ஓட விட்டார், திரை உயிர்பெற்றது. "இதைப் பொலித்தீனால மூடி மூடி வச்சிருக்கினம் ஐயா. சும்மா ஒவ்வொரு நாளும் ஓட விட்டிருந்தா இப்பிடி ஆகியிருக்காது" என்று அவர் சொன்னார். அந்த வார்த்தையை நம் கரையோரத்தில் கணினி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சிறு கணினியைப் பகல் முழுதும் ஓட விடுவதால் செலவு பெரிதாக ஏறுவதில்லை, ஈரமும் அணுகுவதில்லை. மூடித்தான் ஆகவேண்டுமானால் பருத்தித் துணியால் மூடுங்கள், பொலித்தீன் வேண்டாம்.

வைகாசி தொடங்கி ஆவணி வரை வீசும் கச்சான் காற்று இதற்கு நேர்மாறான சோதனையை வைக்கிறது. தகரக் கூரையோ அஸ்பெஸ்டஸ் சீற்றோ போட்ட அறையில் அப்போது பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டுவது அபூர்வமன்று. சிறு பெட்டிக்குள் சிறு காற்றாடியே இருக்க முடியும். அது இழுக்கும் காற்றே சூடாக இருக்குமானால், மூளை தன் உஷ்ண எல்லையை நெருங்கியதும் தன்னைத்தான் காத்துக்கொள்ளும்பொருட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. கணினி பின்னேரத்தில் மந்தமாகிவிட்டது என்று முறைப்பட்டுக்கொண்டு வருகிறவர்களுடைய பெட்டிகளில் அநேகமானவை அலுமாரித் தட்டுக்குள்ளோ சுவரோடு ஒட்டியோ வைக்கப்பட்டவை. நாலு பக்கமும் ஒரு சாண் இடைவெளி விட்டு, நிலத்திலிருந்து உயர்த்தி, கடலை நோக்கித் திறக்கும் யன்னலுக்கு நேரே படாத இடத்தில் வைப்பதே முறை. திரையின் முதுகில் 75 அல்லது 100 மில்லிமீற்றர் இடைவெளியில் உள்ள நாலு திருகு துவாரங்களில் ஒரு தாங்கியைப் பொருத்தி அதில் பெட்டியை மாட்டிவிடும் வழக்கமும் உண்டு. மேசை விடுதலை பெறும், மழைக்காலத்து நிலவெள்ளமும் அணுகாது. காற்றுத் துவாரம் மேல்நோக்கி இருக்கும்படி மாட்ட வேண்டும் என்பதே அங்கு கவனிக்க வேண்டியது.

எதை வாங்குவது? புதிதாக விற்பனைக்கு வரும் மலிவான உள்ளங்கைப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் மூளை, 2023இன் தொடக்கத்தில் வெளிவந்த இன்டெல் 'என்100' அல்லது அதன் உறவினம். நாலு கருக்கள் கொண்ட இதன் அடிப்படை மின்தேவை வெறும் 6 வாற் என்று வகுக்கப்பட்டிருக்கிறது. கடிதம், கணக்கு, இணையம், காணொளி வகுப்பு, கடையின் பற்றுச்சீட்டு ஆகியவற்றுக்கு இது தாராளமாகப் போதும். நாள் முழுதும் அணையாமல் நிற்க வேண்டிய விடுதி வரவேற்பறைக்கும் பார்மசிக்கும் இதையே நான் சிபாரிசு செய்வேன். ஆனால் ரேம் பலகைக்கு இதில் ஒரு வழி மட்டுமே உண்டு. சில பெட்டிகளில் ரேம் பலகை நிரந்தரமாக ஒட்டப்பட்டிருப்பதால் பின்னாளில் பெருக்கவும் முடியாது. ஆகவே வாங்கும்போதே 16 ஜீ.பீ. உள்ளதாக வாங்கிவிட வேண்டும். இணையத்தின் மூலம் தருவிக்கும் பெயரறியாப் பெட்டிகளில் ஏற்கெனவே பதிந்து வரும் வின்டோஸை அழித்துவிட்டு, மைக்ரோசொஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய பிரதியைப் புதிதாகப் பதிப்பது அவசியம். 2024இன் தொடக்கத்தில் அவ்விதமான பெட்டிகள் சிலவற்றில், கடவுச்சொற்களைத் திருடும் நச்சு நிரல் தொழிற்சாலையிலிருந்தே புகுந்து வந்திருந்தது வெளிப்பட்டது.

சொந்த விருப்பத்தைக் கேட்டால், வீட்டுக்கும் சிறு காரியாலயத்துக்கும் நான் தெரிந்தெடுப்பது வெளிநாட்டுக் காரியாலயங்களில் சில வருஷம் உழைத்துவிட்டு இங்கு வந்துசேரும் ஒரு லீற்றர் வகைப் பழைய பெட்டியையே. லெனோவோ எம்720கியூ, டெல் ஒப்ரிபிளெக்ஸ் 3060 மைக்ரோ, எச்.பீ. எலீட்டெஸ்க் 800 ஜீ4 மினி முதலிய 2018ஆம் ஆண்டுத் தலைமுறையினர் இதற்கு உதாரணம். காரியாலயத்தில் இரவு பகலாக ஓடவும், பழுதுபார்ப்பவர் இரண்டு நிமிஷத்தில் திறந்து மூடவும் வகுக்கப்பட்டவை இவை; பின்புறத்து ஒரு திருகைக் கழற்றினால் மூடி வழுகிக் கைக்கு வந்துவிடும். ரேம் பலகைகள் இரண்டையும், எஸ்.எஸ்.டி.யையும், காற்றாடியையும் மடிக்கணினிக்குரிய பாகங்களை மாற்றுவதுபோல மாற்றலாம். உப்பு தின்னும் ஊரில், திறக்க முடிகிற பெட்டியே நெடுநாள் பிழைக்கும்.

இப்பழைய பெட்டிகளைத் தெரிந்தெடுப்பதில் ஜாக்கிரதை வேண்டும். மூளையின் பெயரில் 'ஐ5' என்பதற்குப் பின்வரும் எண்ணின் முதலிலக்கம் தலைமுறையைக் காட்டுகிறது. 8500டி என்றால் எட்டாந் தலைமுறை, ஈற்றிலுள்ள 'டி' என்ற எழுத்து 35 வாற் எல்லைக்குட்பட்டது என்பதற்கு அடையாளம். வின்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியோடு நிறுத்திவிட்டது; வின்டோஸ் 11 பொதுவாக ஏற்றுக்கொள்வது இன்டெலின் எட்டாந் தலைமுறையிலிருந்துதான். ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் சந்தையில் திடீரென்று மலிந்து கிடப்பதன் இரகசியம் இதுவே. லினக்ஸ் போட்டு உபயோகிக்கச் சம்மதமுள்ளவர்களுக்கு அவை நல்ல பண்டம். வின்டோஸ் இன்றி முடியாதவர்கள் விலையைப் பார்த்து மயங்கலாகாது.

கடையிலேயே ஓட விட்டுப் பார்க்க வேண்டிய சில காரியங்கள் உள. பயோஸ் என்னும் அடிப்படை அமைப்புக்குள் நுழைந்து, பழைய சொந்தக்காரரின் கடவுச்சொல் பூட்டு இல்லையென்று நிச்சயம் செய்துகொள்ள வேண்டும். இருந்தால் அந்தப் பெட்டியை வாங்கவே கூடாது. எஸ்.எஸ்.டி. எவ்வளவு காலம் உழைத்தது, அதன் ஆயுளில் எத்தனை வீதம் மீதமுள்ளது என்று காட்டும் இலவச மென்பொருளை ஒரு யூ.எஸ்.பி. தண்டில் கொண்டுபோய் ஓட்டிக் காட்டச் சொல்லலாம். நேர்மையான வியாபாரி மறுக்க மாட்டார். அடாப்டர் அந்தப் பெட்டிக்கே உரியதா என்று பார்ப்பது மிக முக்கியம். டெல் பெட்டிகள் தமக்குரிய அடாப்டரை அடையாளங் காணாவிடில் எச்சரிக்கை காட்டி வேகத்தையும் குறைத்துவிடக்கூடியவை.

திரையோடு இணைக்கும் துவாரத்தையும் வீட்டிலிருந்து புறப்படுமுன் நினைவில் கொள்க. காரியாலயப் பெட்டிகள் பலவற்றில் டிஸ்ப்ளே போட் எனப்படும் துவாரமே இருக்கும், வீட்டுத் தொலைக்காட்சியிலோ எச்.டி.எம்.ஐ. துவாரமே இருக்கும். டிஸ்ப்ளே போட்டிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்குச் செல்லும் மலிவான இணைப்பி ஒருவழிப் பாதை. அதையே திருப்பிப் போட்டு எச்.டி.எம்.ஐ. கணினியை டிஸ்ப்ளே போட் திரையோடு இணைக்க முடியாது. இது தெரியாமல் வயரைக் குறை கூறிக்கொண்டு கடைக்கும் வீட்டுக்குமாக அலைபவர்கள் உண்டு.

பிளக் விஷயம் அற்பமாகத் தோன்றும். நம் நாட்டின் நியமம் 13 அம்பியர் சதுரமுனைப் பிளக். பழைய வீடுகளிலோ உருண்டை முனைத் துவாரங்கள் இன்னும் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து தருவித்த அடாப்டரில் இரண்டு தட்டை முனைகள் இருக்கின்றன. இம்மூன்றையும் ஒன்றோடொன்று மாட்டிவைக்கும் தளர்ந்த மாற்றுப் பிளக், உப்புக்காற்றில் கறுத்து, சிறு பொறி கக்கி, கணினியைத் திடீர் திடீரென்று அணைத்துவிடும். அன்றியும், இருமுனை அடாப்டரில் நிலத்தொடுப்பு இல்லாததால் உலோகப் பெட்டியைத் தொடும்போது விரலில் ஒரு கூச்சம் உண்டாகலாம். காரியாலயப் பெட்டிகளின் அடாப்டர் மும்முனையாக இருப்பது அவற்றின் இன்னொரு சிறப்பு. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடிமின்னல் குமுறும் பின்னேரங்களில், யூ.பி.எஸ். இருந்தாலும், பிளக்கையும் றவுட்டரின் தொலைபேசி வயரையும் கழற்றி வைப்பதைப் போன்ற பாதுகாப்பு வேறில்லை.

மின்வெட்டுக்குப் பழகிய ஊருக்குத் தகுந்த இரண்டு உபாயங்களையும் கூற வேண்டும். மின்சாரம் திரும்பியதும் கணினி தானாகவே எழும்பும்படி செய்யும் தெரிவு ஒன்று பயோஸில் உண்டு. பூட்டிய கடைக்குள் கண்காணிப்புக் கமராவின் பதிவை ஏற்கும் பெட்டிக்கு இது பேருதவி. மற்றையது, தாய்ப்பலகையிலுள்ள நாணயமளவான சீ.ஆர்.2032 பற்றரி. பழைய பெட்டிகளில் அது தீர்ந்துபோயிருந்தால், மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு தடவையும் கடிகாரம் பல வருஷம் பின்னே போய்விடும். அப்போது வங்கித் தளமோ மின்னஞ்சலோ திறக்க மறுத்துப் பாதுகாப்பில்லை என்று அச்சுறுத்தும். இணையம் கெட்டுவிட்டதென்று பதறுகிறவர்கள் முதலில் திரையின் மூலையிலுள்ள திகதியைப் பார்ப்பார்களாக; சொற்ப விலையுள்ள பற்றரியொன்று அந்த நோயைத் தீர்த்துவிடும்.

தமிழில் எழுதுவோருக்கு இச்சிறு பெட்டிகளில் எவ்விதக் குறையும் இல்லை. நம் கொமினிகேஷன் கடைகளில் பாமினி எழுத்துருவில் தட்டிப் பழகிய விரல்கள் ஏராளம். அவ்விதம் தட்டிய கோப்பை வேறொரு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிவதும், அதற்குள் ஒரு பெயரைத் தேட முடியாதிருப்பதும் அவர்கள் அறிந்ததே. இலங்கையில் ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பு எஸ்.எல்.எஸ். 1326 என்ற நியமமாக 2008இல் வகுக்கப்பட்டிருக்கிறது. அதை நிறுவி யுனிகோடில் தட்டப் பழகினால், பிரதேச செயலகத்துக்கு அனுப்பும் கடிதமும் பாடசாலையின் பெயர்ப் பட்டியலும் எந்தக் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் தமிழாகவே திறக்கும். புதுக் கணினி வாங்கும் நாளே இந்த மாற்றத்தைச் செய்வதற்கு உகந்த நாள் என்று நான் கருதுகிறேன். பழைய பழக்கத்தையும் புதுப் பெட்டிக்குள் குடியேற்றிவிட்டால் பிறகு அதை எழுப்புவது கஷ்டம்.

எல்லார்க்கும் இது ஏற்றதென்று சொல்ல வரவில்லை. கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவருக்கும், கட்டட வரைபடம் முப்பரிமாணத்தில் வரைகிறவருக்கும், வரைகலைக்கென்று தனிப் பலகை பூட்டிய பெரிய பெட்டி வேண்டும். அப்பிளின் 2024ஆம் ஆண்டு மக் மினி அவ்வேலைகளில் சிலவற்றை ஐந்தங்குலச் சதுரத்துக்குள் செய்துகாட்டுகிறது என்பது உண்மையே. ஆயினும் அதன் ரேம் மூளையோடு ஒன்றாய்ப் பதிந்திருப்பதால், வாங்கும் நாளில் கொண்ட அளவே அதன் ஆயுள் முழுவதற்கும். மூதூரிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ நகரத்துக்கு வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவருக்கு மடிக்கணினிதான் சரி, ஏனெனில் சிறு கணினி கைக்கடக்கமானதாயினும் திரையும் விசைப்பலகையும் அதன் கூடவே பிரயாணம் செய்ய வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே வீட்டில் ஒரு தொலைக்காட்சியோ பழைய திரையோ உள்ள குடும்பத்துக்கு, அதே பணத்தில் மடிக்கணினி தருவதைவிட இரட்டிப்புப் பலத்தைச் சிறு கணினி தரும்.

கடைசியாக, பெட்டிக்குள் சேர்ந்துகொண்டு போகும் விஷயங்களைப் பற்றி. 2004 டிசம்பர் 26ஆந் திகதி மூதூர், கிண்ணியா, குச்சவெளிக் கரைகளில் ஏறிய கடல், உயிர்களோடு பிறப்புப் பத்திரங்களையும் காணி உறுதிகளையும் குடும்பப் படங்களையும் கொண்டுபோயிற்று. இன்று அவற்றை ஸ்கேன் செய்து கணினியில் வைத்திருப்பவர்கள், கணினி இருக்கும் அதே மேசையில் பிரதியையும் வைத்திருந்தால் அது பிரதியாகாது. வெளித் தட்டொன்றில் ஒரு பிரதி எடுத்து, கந்தளாயிலோ தம்பலகாமத்திலோ கடலுக்குத் தூரமாயுள்ள உறவினர் வீட்டில் கொடுத்து வைக்கலாம். இதற்கு எஸ்.எஸ்.டி.யை உபயோகிக்க வேண்டாம். மின்னூட்டமின்றி உஷ்ணத்தில் வருஷக்கணக்காகக் கிடந்தால் அது தன் பதிவை இழக்கக்கூடும். சுழலும் தட்டுள்ள பழைய வகையே இந்தப் பணிக்கு உத்தமம். அதை உலர்த்தும் சிலிக்காப் பொட்டலம் ஒன்றோடு இறுக மூடும் டப்பாவில் இட்டு, மழை தொடங்குமுன் ஒரு தரமும் மழை ஓய்ந்தபின் ஒரு தரமும் எடுத்து, புதுக் கோப்புகளைச் சேர்த்து, பழைய கோப்புகளில் ஒன்றிரண்டைத் திறந்து பார்த்து வைக்க வேண்டும்.